கேள்வி அக்கா

அந்த ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் கேள்வி அக்காதான். பல வருடம் நர்ஸாக இருந்துவிட்டு உறுப்பு தானப் பிரிவுக்கு வந்தவர். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் தானத்துக்குச் சம்மதித்ததும், அவர்களோடு உட்கார்ந்து இறந்தவரைப் பற்றி விசாரிப்பது அவருடைய வேலை. என்ன நோய் இருந்தது, பச்சை குத்தியிருந்தாரா, போதை ஊசி போடும் பழக்கம் உண்டா என்று, அழுதுகொண்டிருப்பவர்களிடம் கேட்கவே கூசும் கேள்விகள். கேட்காமல் விட்டால், கொடுக்கிற சிறுநீரகத்தோடு ஒரு வைரஸும் இன்னொருவர் உடம்பில் குடியேறிவிடலாம். ரத்தப் பரிசோதனை செய்வார்கள்தான். ஆனால் தொற்று புதிதாக இருந்தால் முதல் சில நாட்கள் அது எந்தப் பரிசோதனையிலும் சிக்காது.

வீட்டிலும் அக்காவை அந்தப் பழக்கம் விடவில்லை. அச்சகத்தில் வேலை பார்க்கும் அவர் கணவர், “தலைவலின்னு சொன்னா என் தலையெழுத்தையே விசாரிக்கிறா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு நாள் மதியம், வண்டியிலிருந்து விழுந்து மூளைச்சாவு அடைந்த ஓர் இளைஞனின் அம்மாவும் அண்ணனும் அக்காவின் சின்ன அறையில் வந்து உட்கார்ந்தார்கள். தானம் செய்யலாம் என்று அம்மாதான் முதலில் சொல்லியிருந்தார். எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். ஊசியைப் பற்றிக் கேட்டபோது அவர் முகத்தில் லேசாகச் சிரிப்புக்கூட வந்தது.

“ஊசின்னாலே எம்புள்ளைக்கு நடுக்கம்மா. தடுப்பூசி போடணும்னா நாலு பேரு புடிக்கணும்.”

அண்ணன் நிமிரவில்லை. குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அதைக் கவனித்தார். ஆனால் அங்கே துருவவில்லை. மீதிக் கேள்விகளை முடித்துக்கொண்டு, மகனைப் பார்த்துவிட்டு வரும்படி அம்மாவை ஒரு நர்ஸுடன் அனுப்பினார். அண்ணனை டீ குடிக்கக் கூப்பிட்டார். காலையிலிருந்து அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

கேண்டீன் மூலையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அக்கா எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவனே வாயைத் திறந்தான்.

“அவன் ஊசி போட்டுக்குவான்க்கா. விட்டுட்டான்னுதான் நெனச்சேன். ரெண்டு நாளைக்கு முன்னாடி மறுபடியும் பாத்தேன். அம்மாவுக்குத் தெரியாது.”

அம்மாவிடம் தான் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை என்றார் அக்கா. உறுப்பைப் பெறுகிறவர்களுக்கும் கொடுத்தவர் யார் என்று தெரியாது என்றார்.

“அப்ப அவனோடத வேணாம்னு தூக்கிப் போட்டுடுவீங்களா?”

“இல்ல தம்பி. தெரியாம குடுத்தாத்தான் ஆபத்து. இப்ப தெரிஞ்சிருச்சு, பாத்துக்கலாம்.”

அவன் அழுதான். தம்பியைக் காட்டிக்கொடுத்துவிட்டதுபோல் இருக்கிறது என்றான். அக்கா அவன் தோளில் கை வைத்தார்.

தம்பியின் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் சிறுநீரகத்துக்காகக் காத்திருந்தவர்களிடம் டாக்டர் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். ஒருவர் வேண்டாம் என்றுவிட்டார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. ஒரு தையல்காரப் பெண் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். அடுத்து ஒரு பஸ் டிரைவர். தொற்று வந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். எது வந்தாலும் மருந்து இருக்கிறது, அதிகம் சந்தேகப்படுகிற கல்லீரல் வைரஸை மூன்று மாத மாத்திரையில் அநேகமாக ஒழித்துவிடலாம் என்றார் டாக்டர்.

“வாரத்துல மூணு நாள் அந்த டயாலிசிஸ் மெஷினுக்கு வாழ்க்கைப்பட்டுக் கெடக்கேன். மாத்திரைக்கா பயப்படப்போறேன்?” என்றார் டிரைவர்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக நடந்தது. அடுத்த மாத ரத்தப் பரிசோதனையில் இருவருக்கும் அந்தக் கல்லீரல் வைரஸ் தெரிந்தது. எதிர்பார்த்ததுதான் என்றாலும் அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. உடனே மாத்திரை தொடங்கினார்கள். அண்ணன் வாய் திறக்காமல் இருந்திருந்தால், அப்படித் தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றியிருக்காது; கல்லீரல் கெட்ட பிறகுதான் தெரிந்திருக்கும். மாத்திரை முடிந்து, மேலும் சில மாதம் பொறுத்துப் பார்த்தபோதும் இருவர் ரத்தத்திலும் வைரஸ் இல்லை.

அந்த வாரமே அண்ணன் வந்தான், எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க. யார், எவர் என்று சொல்ல அக்காவுக்கு அனுமதி இல்லை.

“ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க தம்பி. நீங்க சொன்னதால நல்லா இருக்காங்க.”

அம்மாவிடம் இதில் முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொள்கிறேன் என்றான் அவன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் போன பிறகு டிரைவர் பரிசோதனைக்கு வந்தார். மறுபடியும் பஸ் ஓட்டத் தொடங்கியிருந்தார். வந்ததும் வராததுமாக அக்காவிடம் ஒரு குறை சொன்னார். இத்தனை வருடம் சிறுநீர் ஒரு சொட்டுகூட வராமல் இருந்தது போக, இப்போது பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு ஓட வேண்டியிருக்கிறதாம், பயணிகள் திட்டுகிறார்களாம். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.