இளவரசிக்குப் போட்ட கதிரை

எங்கோ ஒரு சின்ன அரச குடும்பத்தில், பட்டத்துக்கு வெகுதூரத்தில் பிறந்த இளவரசி அவர். பிள்ளைகளின் இதய சத்திரசிகிச்சைக்கும் சித்திர வகுப்புகளுக்கும் உதவி திரட்ட நாடு நாடாக ஓடி ஓடியே வயதாகிப்போனவர். என் மகளின் இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்ததும் அவருடைய உதவியால்தான். அதை நான் பாடசாலையில் சொல்லவில்லை. பெண்பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேச வருகிறவர்கள் கேள்விப்பட்டுவிடுவார்கள் என்ற பயம்.

எங்கள் ஊர் தில்லையடியில் சித்திரக் கண்காட்சியைத் திறக்க அவர் வந்த அன்று, வழக்கம்போல் பிள்ளைகளைக் கொடியோடு வீதியோரம் நிறுத்தினார்கள். இரண்டு மணித்தியால வெயில். கார் வந்து நின்றபோது மகள் மயங்கி விழுந்தாள்.

"அவள்ட நெஞ்சுல ஒபரேஷன் செஞ்சது!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

"அல்லாஹ்வே, ஏன் ராத்தா சொல்லல்ல? நெழல்ல இருத்தியிருப்பேனே!" என்றார் டீச்சர்.

இளவரசி, தனக்காக மேடையில் வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்த கதிரையில் மகளைக் கிடத்தச் செய்தார். சற்று நேரத்தில் அவள் கண் திறந்தாள்.

"உம்மா, என்ட கொடி எங்க?"

இளவரசி சிரித்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்ன ஆங்கிலம் எனக்கு விளங்கியது. "ஐந்து வயதிலிருந்து நானும் இப்படித்தான் நிற்கிறேன். களைப்பா என்று யாரும் கேட்டதில்லை."

மகளை அந்தக் கதிரையிலேயே இருத்திவிட்டு, உரைகள் முடியும்வரை வீங்கிய கால்களோடு அவர் நின்றார். வேறொரு கதிரை கொண்டுவர எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மகள் இப்போது சுகமாக இருக்கிறாள். வகுப்பு மாறும்போதெல்லாம் புது டீச்சரிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். வேறு தாய்மார் பக்கத்தில் நின்றால், அவர்கள் போனபிறகுதான் வாய் திறக்கிறேன்.