செவலைக்குப் போட்ட ஊசி

எங்கள் அம்மா அரசு மருத்துவமனையில் நர்ஸ். திருத்தங்கலில் எங்கள் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஊசியும் மருந்துமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் அம்மா யாருக்கும் ஊசி போட்டதில்லை. இதனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களோடு ஒரு வருடம் பேசாமல்கூட இருந்தார்கள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு முறை, எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, மாமாவின் குதிரைக்குப் போட்டாள்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறை தீப்பிடித்தபோது கழுத்தும் இடது கையும் வெந்து, உயிர் பிழைத்து வந்தவர். காயம் ஆறிய பிறகும் ஒரு வருடம் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார். பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் போய் ஒரு பெண்குதிரையை வாங்கி வந்தார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொன்னாள். கொள்ளு ஊறவைக்க, குளிப்பாட்ட, நடத்திக்கொண்டு போக என்று மாமா இனிமேல் தினமும் எழுந்திருக்க வேண்டுமே.

சிவந்த நிறம் என்பதால் செவலை என்று பெயர். நான் கிட்டே போனால் சடை ரிப்பனைக் கடித்து இழுக்கும். பள்ளிக்கூடத்தில் தலைவிரிகோலமாக நின்று நான் வாங்கிய திட்டெல்லாம் அதனால்தான்.

மல்லாங்கிணறு பக்கம் ஒரு கோயில் பொங்கலுக்குக் குதிரை வண்டிப் பந்தயம் வைத்தார்கள். தார் ரோட்டில் ஆறு மைல் ஓடி, எல்கைக் கொடியைத் தொட்டு, மறுபடி ஆறு மைல் திரும்பி வரவேண்டும். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு செவலை முன்னங்காலை ஊன்றாமல் நொண்டியது. கால்நடை டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, பத்து நாளைக்கு வண்டி பூட்டக் கூடாது என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் மாமா ஒரு மருந்துக் குப்பியோடு வந்தார். யாரோ பந்தயக்காரர் கொடுத்தது.

“அக்கா, இத மட்டும் போட்டுவிடுக்கா. எனக்கு நரம்பு பாத்துப் போடத் தெரியாது.”

“டாக்டர் நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுலே. அடுத்த பொங்கல் வராமலா போயிரும்?”

“எலும்பெல்லாம் நல்லாருக்குக்கா. வலிதான். கம்பெனி ஆளுக அம்புட்டுப் பேரும் வாராக. நான் வண்டி ஓட்டுறத அவுக பாக்கணும்.”

அம்மா முடியாது என்றுவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாமா வராததால் அவள் சோறு எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மா கையில் தட்டோடு நிலைப்படியிலேயே வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் காலையில், சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு போய்ச் செவலைக்கு ஊசி போட்டாள். கொஞ்ச நேரத்தில் அது நான்கு காலையும் அழுத்தி ஊன்றி நின்றது. நான் கைதட்டினேன். அம்மா சிரிக்கவில்லை.

அவள் ஆராதனைக்குப் போய்விட, நான் அப்பாவோடு பைக்கில் பந்தயத்துக்குப் போனேன். புறப்படும்போது செவலை மூன்றாவதாக ஓடியது. நாங்கள் அங்கேயே காத்திருந்தோம். எல்கை திரும்பியதும் முன்னால் வந்துவிட்டதாக, வண்டிகளோடு பைக்கில் போய் வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் கண்ணுக்குத் தெரிந்தபோது முதலாவதாகத்தான் வந்தது. திடீரென்று அதன் தோள் ஒரு பக்கமாகச் சரிந்தது. வண்டி ரோட்டின் குறுக்கே இழுத்துக்கொண்டு போய் நின்றது. நாங்கள் ஓடினோம். முன்னங்கால் குளம்புக்கு மேலே முறிந்து தொங்கியது. அந்தக் காலையும் ஊன்றி ஓடத்தான் செவலை பார்த்தது. மாமா வண்டியை அவிழ்த்து, அதைப் படுக்க வைத்தார்.

அதே கால்நடை டாக்டர் அங்கே இருந்தார். “பத்து நாள் நிப்பாட்டச் சொன்னேன்ல. நொண்டுன குதிரை எப்படிய்யா இம்புட்டுத் தூரம் ஓடுச்சு?”

மாமா குனிந்து செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதனால் நான் சொன்னேன்: “எங்கம்மாதான் ஊசி போட்டுச் சரியாக்குச்சு. எங்கம்மா நர்ஸு.”

அப்பா என் தோளை இறுக்கிப் பிடித்தார். டாக்டர் என்னைத் திட்டவில்லை. மாமாவிடம் தாழ்ந்த குரலில், “வலி தெரிஞ்சிருந்தா அதுவே நின்னுருக்கும்யா” என்றார். பிறகு ஏதோ கேட்டார். மாமா தலையை ஆட்டிவிட்டு, செவலையின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். டாக்டர் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்ததும் எனக்கு உயிர் வந்தது. காலையில் பார்த்ததுபோலவே அது எழுந்து நிற்கும் என்று காத்திருந்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று அப்பா கூப்பிட்டபோதும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

நாங்கள் திரும்பியபோது அம்மா சேலைகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அப்பா சொல்வதற்கு முன்பே யாரோ போனில் சொல்லிவிட்டார்கள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. செவலைக்காக அழுகிறாள் என்று நினைத்து, அவளைத் தேற்றப் பார்த்தேன்.

“அந்த டாக்டரும் ஊசி போட்டாரும்மா. செவல எந்திரிக்கவே இல்ல. நீ போட்டதுலதான் அம்புட்டுத் தூரம் ஓடுச்சு. ஒன் ஊசிதாம்மா நல்ல ஊசி.”

“போதும் பாப்பா” என்றார் அப்பா.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகை இன்னும் கூடியது. நான் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, பக்கத்தில் போய் இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன்.