மாசிப் பயணத்துக்கு ஐந்து ஊர்கள்

மாசியில் போகாவிட்டால் பிறகு போகவே முடியாது. பங்குனி பிறந்துவிட்டால் வெயில் தார் ரோட்டை இளக்கிவிடும். போதாததற்கு, எங்கள் காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் திருக்கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் எங்கள் கூடத்தை நிரப்பிவிடுவார்கள். சைக்கிளில் ஓர் ஊருக்குப் போய், இரண்டு இரவு தங்கித் திரும்ப வேண்டும் என்பது ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் ஆசை. அதற்குப் பிறகு வந்த நான்காவது மாசியும் பாதி கழிந்திருந்தது.

துணைக்கு ஆள் இருந்தார். எங்கள் அலுவலக ஜீப்பை ஓட்டியவர். அவரும் ஓய்வு பெற்றுவிட்டதால், தினமும் காலையில் என்னோடு ஓரிக்கை பாலாற்றுப் பாலம் வரை மிதித்துவிட்டுத் திரும்புவார். அவருக்கு மாமல்லபுரம் போய்க் கடலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் கோப்பு எழுதிய நான் வெறும் வாயால் ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்க முடியுமா? முழுத்தாளில் கோடு போட்டு, உத்திரமேரூர், வேடந்தாங்கல், மாமல்லபுரம், திருவண்ணாமலை, புதுச்சேரி என்று எழுதி, எதிரே தூரம், நிழல், தங்குமிடம், பஞ்சர் கடை, குறிப்பு என்று கட்டம் பிரித்தேன். ஒரு காரியத்தை நடக்காமல் செய்ய இதைவிட மரியாதையான வழி அரசாங்கத்திலேயே கிடையாது.

"தாளப் பாத்துக்கினே இருந்தா சைக்கிள் நவுருமா சார்?" என்று பாலத்தில் வைத்துக் கேட்டார் டிரைவர்.

பரிசீலனையில் இருக்கிறது என்றேன். இதே பதிலை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லக் கேட்டவர் அவர். சிரித்துவிட்டு டயரை அழுத்திப் பார்த்தார்.

உண்மையான காரணம் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது. என் மனைவிக்குக் காலை ஏழரைக்கும் இரவு ஏழரைக்கும் இன்சுலின் ஊசி. போடுவது நான். போட்டதும் ஒரு நோட்டில் நேரத்தை எழுதி டிக் போடுவேன். ஆகவே இரண்டு ஊசிகளுக்கு நடுவில் போய்த் திரும்பக்கூடிய தூரம்தான் என் உலகம். பக்கத்திலிருக்கும் கூரம் வரை போகலாம். கூரத்தை எத்தனை முறை பார்ப்பது? இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அவளைக் குறை சொல்வதாகும். சொல்லாமல் இருப்பது தியாகம் போல இருந்தது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் அந்தத் தாளை மேஜையிலேயே விட்டுவிட்டேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

"அஞ்சு ஊருக்கு நேராவும் கடைசிக் கட்டத்துல ஊசின்னு எழுதி இருக்குது. அது நான்தானே?"

அப்படியில்லை என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. மருந்தை எடுத்து, அளவு பார்த்து ஏற்றி, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துக் குத்தினாள். நிதானமாகப் பத்து எண்ணி ஊசியை எடுத்தாள்.

போன வருடம் பென்ஷன் விஷயமாக நான் சென்னையில் தங்கியபோது, அடுத்த தெரு நர்ஸம்மாவை ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தேன். அவரை முதல் நாளே வேண்டாமென்று அனுப்பிவிட்டாளாம். நோட்டில் அந்த நாட்களுக்கான டிக்கெல்லாம் அவளே போட்டவை. திரும்பி வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ரிடையராயி வந்து பொழுது போகாம சுத்திக்கினு இருந்தீங்க. இதாவது இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

இனிச் சொல்வதற்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. ஐந்து ஊர்களும் திறந்து கிடந்தன. மறுநாள் முழுக்க யோசித்து உத்திரமேரூர் என்று முடிவு செய்தேன். கல்வெட்டு பார்க்கலாம், ஓர் இரவு போதும் என்று காரணமும் எழுதினேன். அவள் தாளைக் கேட்டு வாங்கினாள்.

"அங்கேருந்து பஸ் இருக்குது. மனசு கேக்கலன்னா சாயங்காலமே வந்துடலாம்னுதானே?"

அவளே உத்திரமேரூரை அடித்துவிட்டு மாமல்லபுரத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். யாரும் கடிகாரம் பார்க்காத வீட்டில் தானும் இரண்டு நாள் இருந்து பார்க்க வேண்டும் என்றாள். போன் செய்யக் கூடாது என்பதும் உத்தரவில் சேர்ந்தது. மேல்முறையீடும் அவளிடமேதான் செய்ய வேண்டும் என்பதால் செய்யவில்லை.

விடியற்காலையில் கிளம்பினோம். வாலாஜாபாத்தில் டீக்கடை முன்பு சைக்கிளைச் சாய்த்தபோது ஏழரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது. டீ வந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். எதிரே காஞ்சிபுரம் பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தேன்.

"இன்னா சார், பரிசீலனையா?" என்றார் டிரைவர்.

பஸ் கிளம்பிப் போன பிறகுதான் டீயை எடுத்தேன். ஆறிப்போயிருந்தது.