பஞ்சாங்கத்தில் இல்லாத ஜூலை பதினாலு: மாயவரத்திலிருந்து காரைக்கால்

1980 ஜூலை 14, திங்கட்கிழமை. மாயவரத்திலிருந்து நான், அப்பா, அம்மா மூவரும் காரைக்காலுக்குப் போனோம். எனக்கு நிச்சயதார்த்தம். ஆடி பிறக்க இரண்டே நாள் இருந்தது. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம், பத்தரைக்கு மேல் எமகண்டம். நடுவில் ஒன்பதே காலிலிருந்து பத்தே காலுக்குள் தட்டு மாற்றிவிட வேண்டும் என்று ஜோசியர் எழுதிக் கொடுத்திருந்தார். தவறினால் ஆவணிதான். அதுவரை அம்மா காத்திருக்க மாட்டாள். மன்னார்குடிப் பெண் ஒருத்தியின் ஜாதகத்தை மஞ்சள் தடவிய கவரோடு கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

எனக்கோ காரைக்கால் பெண்தான் வேண்டும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வரலாற்று வாத்தியார். தினமும் காலையில் பள்ளிக்கூட வாசல் கரும்பலகையில் ‘இன்று’ என்று தலைப்புப் போட்டு, உலகத்தில் அந்தத் தேதியில் என்ன நடந்தது என்று எழுதுவேன். தேதிக்கு ஒரு பக்கமாக ஒரு தடி நோட்டே வைத்திருந்தேன். மே மாதம் மாயூரநாதர் கோயிலில் பெண் பார்த்தபோது ஐந்து நிமிடம் பேச விட்டார்கள். என் கரும்பலகையைப் பற்றிச் சொன்னேன். செல்வி கேட்டாள்:

“ஜூலை இருபதுல என்னங்க நடந்துச்சு?”

“மனுஷன் நிலாவுல எறங்குனான். 1969.”

“ஆகஸ்ட் பதினாறு?”

மனதுக்குள் நோட்டைப் புரட்டினேன், அந்தப் பக்கம் காலி.

“1962ல எங்க ஊரு சட்டப்படி இந்தியாவோட சேந்த நாளுங்க. பக்கத்து ஊரு வாத்தியாருக்குத் தெரியலையே!” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவன்தான். சக ஆசிரியர்களோ, பிரான்சுக்குப் போகத்தான் நான் காரைக்காலில் பெண் எடுக்கிறேன் என்று கேலி செய்தார்கள். செல்வியின் அப்பா கலியமூர்த்தி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். அந்தப் பக்கத்தில் இவர்களைச் ‘சொல்தா’ என்பார்கள்.

தேதியைச் சொல்லி நாங்கள் கார்டு போட்டோம். அவர் பதில் எழுதினார்: “அன்றைக்கே வாருங்கள். காலை எட்டு மணிக்கு எனக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒன்பதுக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன்.” என்ன வேலை என்று நாங்கள் கேட்கவில்லை. என் நோட்டில் ஜூலை 14 பக்கத்தில் ‘1789: பாஸ்டில் சிறை தகர்ந்தது, பிரெஞ்சுப் புரட்சி’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. ஊருக்கெல்லாம் தேதி சொல்கிற புத்திசாலிக்கு அதுதான் பிரான்சின் தேசிய நாள் என்பது உறைக்கவே இல்லை.

காலை 6.05க்கு பஸ். ஆக்கூர், தரங்கம்பாடி, பொறையாறு வழியாக 38 கிலோமீட்டர், தலைக்கு இரண்டு ரூபாய் பத்துக் காசு. அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு, காரைக்காலில் கிடையாது. பஸ் ஏன் அப்படிப் பிதுங்கியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோட்டுச்சேரியில் கூட்டம் கொஞ்சம் இறங்கியதும் அம்மா தேங்காய்ப் பையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். 7.45க்குக் காரைக்கால் வந்து சேர்ந்தோம். ராகு காலத்தில் சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டதால், பஸ் நிலையத்து டீக்கடையில் ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்து ஆளுக்கு மூன்று டீ குடித்தோம்.

ஒன்பது அடித்ததும் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தோம். செல்வி வீடு இருந்த தலத்தெருவுக்கு இரண்டு ரூபாய். வீட்டில் ஜமக்காளம் விரித்து, தட்டெல்லாம் தயாராக இருந்தது. செல்வியின் அப்பா மட்டும் இல்லை.

“அவங்க பதினாலு சூலை அணிவகுப்புக்குப் போயிருக்காங்க. பாண்டிச்சேரியிலேர்ந்து வர வேண்டிய விருந்தாளி காரு வழியில பஞ்சராம். செத்த பொறுத்துக்குங்க” என்றார் செல்வியின் அம்மா.

“நான் பொறுத்துக்குவேங்க. நல்ல நேரம் பொறுத்துக்குமா?” என்றாள் என் அம்மா.

9.20. 9.30. அம்மா கைப்பையை ஒரு தடவை திறந்து மூடினாள். அப்பா வழக்கம்போல உத்திரத்தை எண்ணிக்கொண்டிருந்தார். நிச்சயத்துக்கு உட்கார வேண்டிய பெண் உள்ளறையிலிருந்து கதவோரம் வந்து நின்றாள்.

“அப்பா வரிசைய விட்டு வர மாட்டாங்க அத்தை. வேணும்னா நாம அங்க போயிடலாம்.”

அத்தை என்ற சொல்லைக் கேட்டு அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கோபமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. “கெளம்புடா, போய்த்தான் பாப்போம். அந்தத் தட்டுகளையும் எடுத்துக்குங்க” என்றாள். இரண்டு ரிக்‌ஷாக்களில் ஐந்து பேர், மடியில் பழமும் வெற்றிலையும் தேங்காயும்.

அணிவகுப்பு நடக்கும் போர் நினைவுத்தூணுக்கு 9.55க்குப் போனோம். பதினைந்து பேர் வரிசையாக வெயிலில் நின்றார்கள். ஜூலை வெயிலில் கறுப்புக் கோட்டு, மார்பில் பதக்கங்கள். இரண்டு நாட்டுக் கொடிகளும் கட்டியிருந்தன. கடைசியிலிருந்து மூன்றாவதாக என் மாமனார், வியர்வை தாடையில் சொட்ட, துடைக்காமல் நின்றார். எங்களைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்தது, கால் நகரவில்லை. பத்து மணிக்கு விருந்தாளியின் கார் வந்தது. மலர்வளையம் வைத்தார்கள். பிறகு ஒருவர் தாளைப் பிரித்துப் பெயர்களை வாசித்தார். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாப் பெயரும் வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் வரிசையில் யாரோ ஒருவர் பிரெஞ்சில் பதில் சொன்னார்.

“ஏம்ப்பா, என்ன பண்றாங்க?” என்று அம்மா ரிக்‌ஷாக்காரரிடம் கேட்டாள்.

“பேரு கூப்புடுறாங்கம்மா. சண்டையில செத்தவங்க பேரு.”

“செத்தவங்கள எதுக்குக் கூப்புடணும்?”

“நாட்டுக்காக செத்துட்டாருன்னு பக்கத்துல நின்னவங்க பதில் சொல்லணும்மா. இங்க அதாம் மொற.”

‘மாரிமுத்து’ என்று வாசித்தபோது பதில் சொன்னது என் மாமனார். அதுவரை அப்பாவின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா அதற்கப்புறம் அதைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். 10.17.

10.21க்கு வரிசை கலைந்தது. மாமனார் ஓட்டமும் நடையுமாக வந்து கைகூப்பினார்.

“மன்னிச்சுக்குங்க. நேரத்தைத் தவற விட்டுட்டேன். மாரிமுத்து கோட்டுச்சேரிமேட்டு ஆளுங்க. சைகோன்ல என்கூட இருந்தான். அவனுக்குன்னு யாரும் இல்ல. நான் வந்துட்டா அந்தப் பேருக்கு வாயில்லாமப் போயிடும்.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “செத்துப்போன சிநேகிதனுக்காக வெயில்ல நிக்கிறவரு என் புள்ளையவா விட்டுடப் போறீங்க? எமகண்டம் பத்தரைக்குத்தானே. இங்கயே மாத்திக்கலாம் சம்பந்தி.”

பத்தே கால் என்று ஜோசியர் எழுதிய தாள் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. சாலையோரப் பூவரச மரத்தடியில், 10.26க்கு அப்பாவும் அவரும் தட்டு மாற்றிக்கொண்டார்கள். பதினாலு பழைய சிப்பாய்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள். செல்வி என்னைப் பார்த்து, “இன்னைக்கு என்ன நாளுன்னு நோட்டுல எழுதிக்குங்க” என்றாள். மன்னார்குடி ஜாதகத்தை அம்மா திரும்பும் வழியில், தரங்கம்பாடி தாண்டி, பஸ் ஜன்னல் வழியே விட்டெறிந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த பஸ்ஸிலும் போனதில்லை.

அடுத்த வருடம் கரும்பலகையில் 1789க்குக் கீழே 1980 என்று மட்டும் எழுதினேன். தலைமையாசிரியர் கேட்டதற்கு, அதுவும் ஒரு புரட்சிதான் சார் என்றேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நான் எழுதிய கட்டணமெல்லாம் அந்தக் காலத்தது, இன்றைய கணக்குக்கு ஆகாது. பதினாலாம் தேதி காலை எட்டுக்கே போய்விடுங்கள், ஆனால் எட்டுக்குத் தொடங்கும் என்று நம்பாதீர்கள். குடையும் தண்ணீரும் அவசியம். பெயர் வாசிக்கும்போது படம் எடுக்க முன்னால் பாயாதீர்கள். அன்றைக்கு அந்த ஊரில் நல்ல காரியம் வைப்பதானால் பஞ்சாங்கத்தோடு வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

1989இல் புரட்சிக்கு இருநூறு வருடம் ஆனதை உலகமே கொண்டாடியது. மாமனார் அதற்கு முந்தைய மார்கழியில் தவறிவிட்டார். ஜூலை பிறந்ததும் அம்மா கேட்டாள், “அந்தக் கோட்டுச்சேரிமேட்டுத் தம்பிக்கு இந்த வருஷம் யாருடா பதில் சொல்லுவா?” செல்வி அலமாரியைத் திறந்து அப்பாவின் பதக்கத்தை எடுத்தாள். மூவரும் அதே 6.05 பஸ்ஸில் போனோம். மாரிமுத்து என்று வாசித்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கூட்டத்திலிருந்து செல்வியின் குரல் வந்தது. வரிசையில் இருந்த கிழவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்து, மறுபடி நேராக நின்றார்கள். தாளில் அடுத்த பெயரை வாசித்தார்கள்.

இப்போதும் நீங்கள் போனால் அந்த ஒரு பெயருக்கு மட்டும் பெண் குரல் கேட்கும். பக்கத்தில் குடை பிடித்து நிற்பவன் நான்தான்.