நங்கையா பிரிக்காமல் ஓட்டிய எஞ்சின்

சூரமங்கலத்தில் ஒரு சாமான் கடையில் என் ஜீப்புக்குப் பிஸ்டன் ரிங் கேட்டு நின்றுகொண்டிருந்தபோது அந்தச் செய்தி வந்தது. கடை போனில் எருமப்பட்டியிலிருந்து அண்ணன் மகள் செல்வி பேசினாள். "சித்தப்பா, அம்மா போயிட்டாங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அவ்வளவுதான்." என்னைத் தேட வேண்டுமென்றால் அந்தக் கடைக்குப் போன் செய்தால் போதும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பெட்ரோல் எஞ்சின் வைத்திருக்கிறவர் வேறெங்கே இருப்பார் என்று கேலி செய்தவரே செல்வியின் அம்மா, எங்கள் நங்கையாதான். ரிங்கை வாங்காமல் அப்படியே பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பாவாயி என் அண்ணன் மனைவி. எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஜீப்பில் முட்டைத் தட்டோடு தட்டாக உட்கார்ந்து நாமக்கல் போனவர்கள் உங்களில் எத்தனையோ பேர். அந்த வண்டியின் சத்தம் உங்கள் காதில் இன்னும் இருக்கும். ஆனால் அதற்குள் டீசல் எஞ்சின் எப்படி வந்தது, அதன்மேல் என்ன பந்தயம் கட்டியிருந்தது என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பந்தயத்தில் எதிர்க்கட்சியில் இருந்தவன் நான் என்பதால் நானே சொல்வதுதான் முறை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அண்ணனும் நானும் ராணுவ ஏலத்தில் ஆளுக்கொரு ஜீப் எடுத்தோம். இரண்டுமே பெட்ரோல், இரண்டுமே கிழடு. சில வருடத்தில் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார். கைக்குழந்தையோடு நின்ற நங்கையா, தன் பங்கு நிலத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், ஜீப்பை வாடகைக்கு ஓட்டி அந்த வருமானத்தில் வெள்ளாமை செய்வதாகவும் சொன்னார். அடுத்து, பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிவிட்டு டீசல் எஞ்சின் வைக்கப்போகிறேன் என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்தக் காலத்தில் எங்களுக்கு டீசல் என்றால் கிணற்று மேட்டில் புகை கக்கிக்கொண்டு தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சின்தான்.

"கெணத்து எஞ்சின நான்தானுங்க வருசக்கணக்கா ஓட்டுனேன்" என்றார் நங்கையா. "அது எப்ப மொனகும், எப்ப மொரண்டு புடிக்கும்னு எனக்குத் தெரியும். உங்க பெட்ரோல் பேசுற பாசை எனக்குத் தெரியாதுங்க."

அப்பாவுக்கு நிலமும் எந்திரமும் ஒன்றுதான். ஒன்றைக் காப்பாற்றத் தெரியாத கை இன்னொன்றையும் காப்பாற்றாது என்பது அவர் கணக்கு. "மூணு வருசம் பாப்போம்" என்றார். "அதுக்குள்ள எஞ்சினப் பிரிக்காம ஓட்டிப்போட்டீனா நெலம் உன்ர பொறுப்பு. பிரிச்சீனா சின்னவன் பாத்துக்குவான்." சின்னவன் நான். அவர் வண்டியில் டீசல் ஏறிய அதே மாதம், போட்டிக்கு என் பெட்ரோல் எஞ்சினையும் புதிதாகச் செய்துகொண்டேன். இரண்டு எஞ்சினிலும் மேல் மூடியின் நட்டுகள்மேல் மெக்கானிக் சிவப்புச் சாயம் பூசிவிட்டார். மூடியைக் கழற்றினால் சாயம் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் வருடம் என் வருடம். மார்கழிக் குளிரில் என் வண்டி தொட்டவுடன் கிளம்பும். நங்கையாவின் வண்டி இருமும், புகையும், அடம் பிடிக்கும். அதனால் தினமும் சாயங்காலம் அதை மேட்டில் நிறுத்துவார். காலையில் உருட்டிவிட்டு ஏறிக்கொள்வார். ஆட்டம் வேறு. அந்த எஞ்சின் போடுகிற ஆட்டத்தில் முட்டை ஆம்லெட்டாகத்தான் நாமக்கல் போய்ச் சேரும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் சாக்கில் உமியைத் திணித்து மெத்தை தைத்து, அதன்மேல் தட்டுகளை அடுக்கினார். முட்டை முட்டையாகவே போயிற்று.

இரண்டாம் வருடம் மலை தன் வேலையைக் காட்டியது. கொல்லிமலைக்குப் பலாவும் வாழையும் ஏற்றப் போவோம். கொண்டை ஊசி வளைவுகளில் என் எஞ்சின் கொதித்துக் கொதித்து, ஒருநாள் மூடிக்கடியில் இருந்த கேஸ்கெட் வெடித்தது. பிரித்தேன். வால்வு தேய்ந்தது, மறுபடி பிரித்தேன். நங்கையா டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றித் துடைத்ததோடு சரி. பொறுக்கமுடியாமல் நான் அப்பாவிடம் போய், "நாசிலக் கழட்டுனதும் பிரிச்ச மாதிரிதானுங்கப்பா" என்றேன். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்டா, பல்லு வெளக்குனா வயித்தக் கிழிச்சதா அர்த்தமா?" மருமகள் பக்கம் தராசு சாய்கிறது என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

மூன்றாம் வருடம் ஐப்பசி மழை. கெடு முடிய இரண்டு மூன்று மாதம்தான் இருந்தது. மலையடிவாரத்திலிருந்து இருவரும் அவரவர் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் குறுக்கிட்ட ஓடைப் பள்ளத்தில் செந்தண்ணீர் ஓடிற்று. நங்கையா முன்னால் இறங்கி ஒரே மூச்சில் அக்கரை ஏறிவிட்டார். நான் பின்னால் போனேன். நடுவில் தண்ணீர் தெறித்து டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தது, பொறி போயிற்று, எஞ்சின் நின்றது. தண்ணீர் வண்டியைத் தள்ளத் தொடங்கியது. எனக்கு நீச்சல் தெரியாது.

டீசலுக்குப் பொறி வேண்டாம், நனைந்தாலும் ஓடும். ஆனால் காற்றுக் குழாய் வழியாக ஒரு சொம்புத் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் ராடு வளைந்து, எஞ்சினைப் பிரிக்காமல் வேறு வழியே இல்லாமல் போய்விடும். நிலமும் என் கைக்கு வந்துவிடும். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கரையில் நின்று ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் வண்டியைத் திருப்பினார். ஏர் ஃபில்டருக்குக் குடைபோல எண்ணெய்த் துணியைக் கட்டினார். மறுபடி தண்ணீரில் இறங்கினார்.

"வேண்டாமுங்க நங்கையா" என்று கத்தினேன்.

"பேசாம கயித்தக் கட்டுங்க. நெலம் எங்கயும் போயிராது, நீங்க போயிருவீங்க" என்று கயிற்றை வீசினார்.

கட்டினேன். அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கும். அந்த எஞ்சின் குமுறிக்கொண்டு, கரும்புகை கக்கிக்கொண்டு, ஒரு இடத்தில்கூடத் திக்காமல் இரண்டு வண்டியையும் கரைக்கு இழுத்துப் போட்டது. நங்கையா சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டே, "கொழுந்தனாரே, இப்பச் சொல்லுங்க, இது கெணத்து எஞ்சினுங்களா?" என்றார்.

தை பிறந்து கெடு முடிந்த காலையில் அப்பா வாசலுக்கு வந்தார். தெருவே கூடியிருந்தது. பானட்டைத் தூக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். சாயம் ஒரு நட்டில்கூட உடையவில்லை. அவர் சுற்றிக்கொண்டு போய் ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மாமனாருக்கு எதிரில் மருமகள் உட்காருவது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. அவர் வழியில் வந்தால் நங்கையா வண்டியை நிறுத்தி இறங்கி நிற்பார். அன்றும் கீழே நின்றார்.

"உக்காரு சாமி" என்றார் அப்பா. "வண்டிய நின்னுக்கிட்டா ஓட்டுவ?"

நங்கையா உட்கார்ந்தார். மூன்று தெருவையும் சுற்றினார்கள். சுற்றி முடிக்கிற வரைக்கும் நங்கையா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்பா மீசையைத் தடவிக்கொண்டே வந்தார்.

"இப்படி ஊரக் கூட்டோணுங்களா நங்கையா?" என்று பிற்பாடு கேட்டேன்.

"ஜெயிச்சா ஜெயிச்சேன்னு சத்தமாச் சொல்லோணுங்க. நீங்க ஜெயிச்சிருந்தாச் சும்மா இருந்திருப்பீங்களா?"

இருந்திருக்கமாட்டேன். மேளம் வைத்திருப்பேன்.

எண்பதுகளில் அந்த எஞ்சினை ஒரே ஒரு தடவை பிரித்தார்கள். என்னுடையதை எத்தனை தடவை என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். நிலத்தில் கோழிக் கொட்டகைகள் எழும்பின. செல்வி படித்தாள், வண்டி ஓட்டக் கற்றாள், கணக்கும் பார்த்தாள். அதே வண்டியில்தான் நங்கையா கடைசி வரைக்கும் முட்டை ஏற்றிப் போனார்.

கருமாதி அன்று பந்தலில் சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் என் தோளில் கை வைத்தார். "பொட்டப்புள்ள தனியா என்ன பண்ணும்? இனி அந்த நெலத்தையும் நீயே பாத்துக்கப்பா" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். செல்வி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

நங்கையாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சத்தம் ஒன்றைத்தான். எழுந்து நின்று, பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "அது எங்க நங்கையா ஜெயிச்ச நெலமுங்க. அவங்க மக பாத்துக்குவா."