இளம் வாசகியின் கடிதவுறை

கண்டியில் எந்த மண்டபத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமை என்ன சிற்றுண்டி கொடுப்பார்கள் என்று நிரோஷினிக்குத் தெரிந்த அளவுக்கு அந்த மண்டபங்களின் காவலாளிகளுக்கே தெரியாது. நாவலப்பிட்டியில் தையல்கடை வைத்திருப்பவரின் மகள். கண்டியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கணக்கியல் படிப்பு, இரண்டாம் வருடம். பாவித்த மடிகணினி ஒன்று வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து வருவதில் அறை வாடகையும் பஸ் காசும் போனால் மிஞ்சுவது சாப்பாட்டுக்குத்தான். அந்தச் சாப்பாட்டை ஊரார் தலையில் கட்டிவிட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்பது அவள் கண்டுபிடிப்பு.

வங்கிக் கருத்தரங்கு என்றால் ஒரு கேக் துண்டு. கடைத் திறப்பு என்றால் லட்டு. எல்லாவற்றையும் தின்று பார்த்த பிறகு, தமிழ் நூல் வெளியீட்டுக்கு நிகர் வேறில்லை என்று முடிவுக்கு வந்திருந்தாள். ரோல்ஸ், பற்றிஸ், உளுந்து வடை, சுடச்சுட பிளேன்டீ. நன்றியுரை தொடங்கும்போதே எழுந்துவிட்டால் தட்டு முழுசாக இருக்கும். கட்டுகஸ்தோட்டையில் அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த றமீலாவையும் துணைக்கென்று இழுத்துக்கொண்டு போவாள். றமீலா கலேவெலப் பெண். ஹலால் என்று நிச்சயமாகத் தெரியாத இறைச்சி ரோல்ஸைத் தொடமாட்டாள். அவள் பங்கு யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

மழை கொட்டிய ஒரு ஞாயிறு மாலை, ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர் ராஜலிங்கத்தின் கவிதைத் தொகுதி வெளியீடு. நூறு கதிரை போட்டிருந்தார்கள். வந்தது முப்பது பேர். தலைமை தாங்கிய முன்னாள் அதிபர் பெரியதம்பி நாற்பது நிமிடம் கவிஞரைப் புகழ்ந்தார். பிறகு சிறப்புப் பிரதி வாங்குகிறவர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்தார். போகிறவர் காசு வைத்த கடிதவுறையைக் கவிஞரிடம் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, படத்துக்கு நின்றுவிட்டு இறங்குவார். அச்சுச் செலவு கைக்கு வருவது அப்படித்தான்.

பட்டியல் முடிந்தது. பெரியதம்பி விடவில்லை.

"கண்டியில் எந்த வெளியீடு நடந்தாலும் தவறாமல் வந்து, கடைசிவரை இருக்கிற இளம் வாசகி ஒருவர் நம்மிடையே இருக்கிறார். அந்தத் தங்கையையும் மேடைக்கு அழைக்கிறேன்."

அவர் விரல் நேராகக் கடைசி வரிசைக்கு வந்தது.

"என்கிட்ட பஸ்ஸுக்கு மட்டுந்தான்டி இருக்கு" என்றாள் நிரோஷினி, உதடு அசையாமல்.

"வெறுங்கையோட போனா மானம் போகும். இந்தா, இதுல என்னமோ ஒண்டு ஈக்கு." றமீலா நிரோஷினியின் பையைத் துழாவி ஒரு பழுப்புக் கடிதவுறையை எடுத்துக் கையில் திணித்தாள்.

நிரோஷினி கொடுத்தாள், வாங்கினாள், சிரித்தாள், இறங்கினாள். நிம்மதியில் நாலு ரோல்ஸ் சாப்பிட்டாள். அறைக்குப் போய்ப் பையைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் கடிதவுறைக்குள் இருந்தது அவளுடைய பரீட்சை விண்ணப்பம். படம் ஒட்டி, துறைத் தலைவர் கையொப்பமும் வாங்கியாகிவிட்டது. மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் கொடுத்தாக வேண்டும்.

புத்தகத்தின் பின்னட்டையில் விலாசம் இருந்தது. காலை ஏழரைக்கு இருவரும் பாலத்துக்குப் பக்கத்தில் அந்த வீட்டைத் தேடிப் பிடித்தார்கள். கதவைத் திறந்தவர் கவிஞரின் மனைவி பாப்பம்மா. உள்ளே மேசையில் கடிதவுறைகள் இரண்டு குவியலாகக் கிடந்தன.

"வாங்க, வாங்க. உங்களத்தான் எங்க தேடுறதுன்னு பேசிக்கிட்டிருந்தோம்" என்றார் ராஜலிங்கம். "இத்தனை கவர்ல ஒண்ணுலதான் மனுச முகம் இருந்துச்சு."

நிரோஷினிக்குப் பொய் வரவில்லை. "மன்னிச்சுக்கங்கய்யா. நான் ரோல்ஸ் சாப்பிடத்தான் வந்தேன்."

"அது தெரியும்" என்றார் பாப்பம்மா. "நாலு எடுத்தீங்க. எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

சின்னக் குவியலைக் காட்டி ராஜலிங்கம் சொன்னார்: "இந்த ஏழும் வெறுங்கவர். பேரு மட்டும் அழகா எழுதியிருக்காங்க. கோவிக்க எனக்கு வழியில்ல. முப்பது வருசமா நானும் எத்தனையோ பேருக்கு இப்படித்தான் குடுத்திருக்கேன்."

"பொஸ்தகம் இருநூத்தம்பது கட்டிலுக்கடியில கெடக்கு. கட்டில் இப்ப ஆடுறதே இல்ல" என்றார் பாப்பம்மா.

நிரோஷினி தன் விண்ணப்பத்தைப் பைக்குள் வைத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ஒரு பொஸ்தகம் எவ்வளவுங்கய்யா?"

"அறுநூறு."

"வித்துத் தந்தா எனக்கு எவ்வளவு?"

றமீலா அவள் தொடையைக் கிள்ளினாள். கவிஞர் மனைவியைப் பார்த்தார்.

"நூறு" என்றார் பாப்பம்மா.

"நூத்தம்பது."

"நூத்தியிருபது. ரோல்ஸையும் அதுல கழிச்சாச்சு."

பேரம் முடிந்தது. நிரோஷினி இன்னொன்றும் கேட்டாள்: அந்த ஏழு வெறுங்கவரும் தனக்கு வேண்டும்.

பதினொன்றரைக்கு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, நேரே மக்கீன் ஹாஜியாரின் இரும்புச் சாமான் கடைக்குப் போனாள். கடை நிறைய ஆட்கள் நின்ற நேரம். பாப்பம்மா கொடுத்துவிட்ட புத்தகங்களை மேசையில் வைத்து, அந்த ஏழில் ஒரு கவரை இரண்டு கையாலும் பணிவாக நீட்டினாள்.

"மொதலாளி, நேத்து அவசரத்துல சல்லி வைக்க மறந்துட்டீங்க போல. கவிஞர் கேக்கச் சொல்லல. நானாத்தான் வந்தேன்."

ஹாஜியார் கவரைப் பார்த்தார். தன் பெயரைப் பார்த்தார். சாமான் வாங்க வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

"எத்தன புத்தகம் கொண்டு வந்தீக்கிறீங்க மகள்?"

"பத்து."

"பத்தையும் வெச்சிட்டுப் போங்க. அந்த என்வலப்பையும்."

அந்த வாரமே ஆறு வாசல் ஏறி இறங்கினாள். ஒருவர்கூட ஐந்துக்குக் குறைத்து வாங்கவில்லை. ஏழாவது கவரில் இருந்த பெயர் பெரியதம்பி. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ட எழுத்து மாதிரி இல்லையே."

உள்ளேயிருந்து வந்த மகள் யசோதா எட்டிப் பார்த்தாள். "உங்கட எழுத்துத்தான் அப்பா. கடிதம் எழுதேக்கயும் 'பெ' இப்பிடித்தான் போடுவீங்க."

அவர் பன்னிரண்டு வாங்கினார். ஒன்றில் நிரோஷினியையே கையொப்பமிடச் சொன்னார், ஏனென்று அவருக்கே தெரியாமல். அவளும் இட்டாள்.

மீதியை அடுத்து வந்த விழாக்களில் விற்றாள். வாங்குகிறவர்கள் கவிதை எப்படி என்று கேட்டால், கவிஞர் பக்கத்தில் இல்லாதபோது, "சின்னச் சின்னதாத்தான் இருக்கு, பயப்படாதீங்க" என்பாள்.

ஓகஸ்டில் மடிகணினி வந்தது. நாற்பது நிமிடத்துக்கு மேல் பற்றரி தாங்காது, ஆனாலும் அவளுடையது. இப்போது அதில் ராஜலிங்கத்தின் இரண்டாவது தொகுதியைத் தட்டச்சு செய்துகொடுக்கிறாள். பக்கத்துக்கு முப்பது ரூபா. இனிமேல் நீண்ட கவிதைகளாக எழுதும்படி அவரை விடாமல் உற்சாகப்படுத்திவருகிறாள்.