நண்பரின் இடது காதும் என் நீண்ட ஜெபமும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நானும் என் நண்பரும் சித்தூரிலிருந்து காலை ரயிலில் திருப்பதிக்குப் போனோம். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. ஒரு வேலை இருக்கிறது, கூட வா என்று மட்டும் கூப்பிட்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அவர் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அவர் என்னை வாத்தியாரே என்பார், நான் அவரைக் கார்டு என்பேன். இருவரும் ஒரே சபை. எங்கள் சபையில் காலையில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் தெலுங்கு ஆராதனை. தமிழ்ப் பாடகர் குழுவை இருபத்தைந்து வருடமாக அவர்தான் நடத்திவந்தார். ரயிலை நடத்தியது போலவேதான் அதையும் நடத்துவார். கையைத் தூக்கினால் புறப்பட வேண்டும், இறக்கினால் நிற்க வேண்டும், நடுவில் யாரும் ஏறக்கூடாது, இறங்கக்கூடாது.

திருப்பதியில் அவர் என்னைக் கூட்டிப்போனது ஒரு காது மருத்துவரிடம். அங்கே கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் அவரை உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் அமுக்கச் சொல்லி கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். வலது காதுக்கு வைத்தபோது சுறுசுறுப்பாக அமுக்கினார். இடது காதுக்கு மாற்றினார்கள். நர்சம்மா குமிழைத் திருகிக்கொண்டே போனார். அவர் கட்டைவிரலைப் பொத்தானின் மேல் வைத்தபடி, வராத ரயிலுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலது காதுக்குக் குறையில்லை, இடது காது போனது போனதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது பாகாலாவில் ரயில் வெகுநேரம் நின்றது. அவர் வேலை பார்த்த ஊர். பிளாட்பாரத்தில் மசால்வடை வாங்கி, ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஈஸ்டர்லேருந்தே இப்படித்தான் வாத்தியாரே. கிறிஸ்துமஸ் பாட்டு முடியற வரைக்கும் யாருக்கும் சொல்லாத. தெரிஞ்சா என்னை உக்காத்தி வெச்சுடுவாங்க. எங்க வூட்டுக்காரிக்கே இன்னும் சொல்லல. உன்கிட்டதான் சொல்லிக்கினு இருக்கேன்."

நான் அவர் கையைப் பிடித்து, சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றேன். சத்தியம் செய்ய வேண்டாம், சொல்லாமல் இருந்தால் போதும் என்றார். அந்தப் போதுமானதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில், வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். ஒவ்வொருவரும் தங்கள் விண்ணப்பத்தைச் சொல்வார்கள். பிறகு சிலர் ஜெபிப்பார்கள், கடைசியில் யாராவது ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து வாய்விட்டு ஜெபிப்பார். அந்த யாராவது ஒருவர் பெரும்பாலும் நான்தான். இலக்கணச் சுத்தமான தமிழில், ஏற்ற இறக்கத்தோடு, இருபது நிமிடம் தடையில்லாமல் ஜெபிப்பேன். வாத்தியார் ஜெபித்தால் கல்லும் கரையும் என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளே நிமிர்ந்துகொள்வேன்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் காங்கிரெட்டிபள்ளியில் ஒரு வீட்டில் நடந்தது. நண்பர் அன்று வரவில்லை. மகனைப் பார்க்க ரேணிகுண்டாவுக்குப் போயிருந்தார். அவர் மனைவி வந்திருந்தார். அன்று எனக்கு முன்னால் ஜெபித்த ஓர் அம்மா எல்லாரையும் அழவைத்துவிட்டார். அடுத்து என் முறை. என்னிடமோ ஒருவருடைய மூட்டுவலி, ஒருவருடைய பேரனின் இன்ஜினியரிங் தேர்வு என்று சாதாரண விண்ணப்பங்கள்தான் இருந்தன. கனமான ஒன்று வேண்டும் என்று மனம் தேடியது. கண்ணை மூடியிருந்தேன். வாய் திறந்திருந்தது.

பெயரைச் சொல்லவில்லை, அதில் நான் கவனமாகவே இருந்தேன். "ஆண்டவரே, இத்தனை வருடமாக உமக்குப் பாட்டை எழுப்பிவரும் எங்கள் சகோதரன், யாரிடமும் சொல்ல முடியாமல், செவிடாகிப்போன தன் இடது காதோடு தனியே போராடுகிறாரே" என்று ஆரம்பித்து, கண்ணாடி அறை, பொத்தான், கட்டைவிரல் வரைக்கும் வர்ணித்தேன். பக்கத்திலிருந்த என் மனைவி என் தொடையில் கிள்ளினாள். ஜெபத்தில் உருகிவிட்டாள் என்று எண்ணி, இன்னும் ஐந்து நிமிடம் நீட்டினேன்.

எங்கள் சபையில் பாட்டை எழுப்பும் சகோதரன் ஒருவர்தான் இருக்கிறார் என்பது ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லாரும் நண்பரின் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பைபிளைப் பைக்குள் வைத்தார், எழுந்தார், வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். அவருக்காக ஊற்றிவைத்த டீ ஆறிப்போனது. வழியெல்லாம் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் வருவது எவ்வளவு பெரிய தண்டனை என்பது அவளை அறிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. ஒருவர் நண்பரின் தோளைப் பிடித்து, நல்ல காதுக்குள்ளேயே ஸ்தோத்திரம் என்று கத்தினார். அந்தக் காதும் போயிருக்கும். இன்னொருவர் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஒரு சீசாவில் கொண்டுவந்திருந்தார். வேறொருவர் சைகையாலேயே பேசினார். ஆராதனை முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் அவரைத் தனியே கூப்பிட்டு, "பர்வாலேது அண்ணா, மீரு ரெஸ்ட் தீஸ்கோண்டி" என்று தெலுங்கில் கனிவாகத்தான் சொன்னார். பரவாயில்லை, இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள், கீபோர்டு வாசிக்கும் பெண் குழுவைப் பார்த்துக்கொள்வார் என்றார். நண்பர் பாட்டுப் புத்தகங்கள் இருக்கும் அலமாரியின் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு நடந்தார். என்னைத் தாண்டித்தான் போனார், ஆனால் என் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. பேர் சொல்லவில்லையே, ஜெபம்தானே செய்தேன் என்ற சமாதானத்தையும் கூடவே கொண்டுபோயிருந்தேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தார்.

"ஜெபம்னு சொல்லாத வாத்தியாரே. எனக்காக ஜெபம் பண்ணணும்னா உன் வூட்ல கதவ சாத்திக்கினு பண்ணியிருக்கலாமே. ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

இருபது நிமிடம் மூச்சுவிடாமல் பேசத் தெரிந்த நான், கொண்டுபோன சமாதானத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

அப்போது அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். என் மேல் இருந்த கோபத்தைவிட அவருக்குப் புருஷன் மேல் இருந்த கோபம்தான் பெரிது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஆறு மாசமா சோறு போட்டுக்கினே இந்தப் பக்கமா உக்காந்து பேசிக்கினு இருக்கேன் அண்ணா. பதிலே வராது. கொழுப்பு ஏறிப்போச்சுன்னு நெனச்சு திட்டினேன். அதுவும் கேக்காத காதுலயே திட்டியிருக்கேன். அத்தனையும் வேஸ்ட்டு" என்றார்.

நண்பர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் காப்பியைக் குடித்தேன். அந்த அம்மா போகும்போது என்னிடம் தணிந்த குரலில், தெரிந்தது நல்லதுதான், ஆனால் ஊரோடு சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது என்று கேட்டார். அதனால்தான், அந்த வீட்டில் அந்தச் செய்தியால் ஒரு நன்மையும் விளைந்தது என்று யாராவது என்னைத் தேற்றினால் நான் ஒப்புக்கொள்வதில்லை. விளைந்தது கடவுளின் செயல். உளறியது என் செயல்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். யாருடைய மருமகன் குடிக்கிறான், யாருடைய மகளின் நிச்சயம் நின்றுபோனது என்று, என் நீண்ட ஜெபங்களுக்குள் எத்தனை பேருடைய வீட்டுக்கதை போயிருக்கிறது. திண்ணைப் பேச்சில் சொன்னால் புறங்கூறுதல் என்று நானே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதையே கண்ணை மூடிச் சொன்னால் பக்தி என்று நம்பியிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, ஒருவர் என்னை நம்பிச் சொன்ன ஒன்றை உங்கள் முன்னால் போட்டு உடைத்தேன், அதில் என் பெருமைதான் இருந்தது, ஜெபம் இல்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகு நான் செய்த ஜெபம் இரண்டே வரி. கூட்டம் நேரத்தோடு முடிந்ததில் பலருக்கு மகிழ்ச்சி என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

ஆனால் சாவி இன்னும் செயலாளரிடமே இருந்தது. கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நவம்பரில் தொடங்கிவிடும். அதனால் கமிட்டியிடம் போனேன். ஈஸ்டர் ஆராதனையை அவர் ஒற்றைக் காதோடுதான் நடத்தினார், உங்களில் யாராவது ஒரு தப்பைக் கண்டுபிடித்தீர்களா என்று கேட்டேன். எங்கள் போதகர், தான் சொல்வது எதையும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பதை மட்டும் கவனித்ததாகவும், ஆனால் அது இருபத்தைந்து வருடமாகவே அப்படித்தான் என்றும் சொன்னார். கமிட்டி முழுவதும் சிரித்தது. அங்கே வந்திருந்த கீபோர்டு வாசிக்கும் பெண் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர், அளந்து பேசுபவர். அவரே கையைத் தூக்கி, கார்டு சார் இல்லாமல் தன்னால் முடியாது என்றார். கீபோர்டு சாருக்கு இடப்பக்கம் இருக்கிறது, பாட்டு தொடங்கும் முன் வாசிக்கும் முன்வாசிப்பு எப்போது முடிகிறது என்பதுதான் அவருக்குச் சரியாகக் கேட்காமல் போகும், அதற்கு மட்டும் ஒரு வழி செய்தால் போதும் என்றார்.

கமிட்டி ஒப்புக்கொண்டது. அலமாரிச் சாவியை நானே கொண்டுபோய் நண்பரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். வருகிறேன், ஆனால் ஒரு கண்டிஷன் என்றார்.

"நீ என் இடப்பக்கம் வந்து நில்லு."

எனக்குப் பாட வராதே என்றேன்.

"அது ஊருக்கே தெரியும். பாடாத. வாய மூடிக்கினு நில்லு. கீபோர்டு முடியும்போது என் முழங்கைய ஒரு தட்டு தட்டு. நாப்பது வருசம் நான் சிக்னல் குடுத்தேன். இனிமே நீ குடு."

அப்படித்தான், வாழ்நாளில் ஒரு பாட்டும் ஒழுங்காகப் பாடாத நான், வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு பாடகர் குழுவில் நின்றேன். கிறிஸ்துமஸ் காலையில் கோயில் நிறைந்திருந்தது. முதல் பாட்டுக்குச் சரியாகத் தட்டினேன். இரண்டாவது பாட்டில் பதற்றத்தில் ஒரு வரி முன்னதாகவே தட்டிவிட்டேன். குழு முழுவதும் புறப்பட்டுவிட்டது. கீபோர்டு வாசித்த பெண், ஓடிவந்து ரயிலைப் பிடிப்பவர் போல விரல்களால் துரத்திவந்து சேர்ந்துகொண்டார். சபையாரில் பலர் அது புதிய மெட்டு என்று நினைத்து, வெளியே வந்ததும் நண்பரின் கையைக் குலுக்கிப் பாராட்டினார்கள். அவர் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். லைன் கிளியர் ஆகாமலே வண்டியை விட்டுவிட்டாய், என் சர்வீஸில் இதற்குச் சஸ்பெண்டு என்றார். பிறகு என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, கேக் துன்ன வா என்று வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி அன்று அவருடைய வலது பக்கம் உட்கார்ந்துதான் பரிமாறினார். விட்டுப்போன ஆறு மாதத் திட்டையும் அன்றைக்கே தீர்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் யாராவது என்னிடம் ஒரு விண்ணப்பம் சொன்னால், இதை எல்லார் முன்னாலும் சொல்லலாமா, அல்லது ஆண்டவரிடம் மட்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். முக்கால்வாசிப் பேர் அவரிடம் மட்டும் என்கிறார்கள். அப்படிப்பட்டவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு, இலக்கணம் பார்க்காமல் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பரின் இடப்பக்கம் வாயை மூடிக்கொண்டு, அவர் முழங்கையில் ஒரு விரலை வைத்து நிற்கும்போது, எழுபது வயதுவரை நான் வாய்விட்டுச் செய்த எல்லா ஜெபங்களையும்விட இந்த ஒரு தட்டு என் ஆண்டவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.